பெட்டிக்கு வாய் எங்கே இருக்கு

“...சிரிச்சு முடிச்சாச்சு இல்ல? இப்ப எனக்குச் சொல்லுங்க. ஆரம்பத்துல இருந்து சொல்லணும். நடுவுல பிச்சுக் குடுக்கக் கூடாது.”

கேன்டீனில் டீ நேரம். டம்ளரை மேஜையில் வைத்துவிட்டு அக்கா கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டால் அந்த மேஜையிலிருந்து ஒருவரும் எழுந்து போக முடியாது. டூல் ரூம்காரர் ஒருவர் தன் மாமியார் வீட்டுக்கு விருந்துக்குப் போன கதையைச் சொல்லி, எல்லாரும் சிரித்து ஓய்ந்திருந்தார்கள். அவர் அசடு வழிந்துகொண்டு, “அது ஒண்ணுமில்லக்கா, சும்மா” என்றார்.

“ஒண்ணுமில்லாததுக்கா இத்தனை பேரு பல்லைக் காட்டினீங்க?”

அவர் மறுபடி ஆரம்பித்தார். மாமியார், ஆடு, பின்பக்கம் முன்னால் வரப் போட்ட சட்டை எல்லாம் திரும்ப வந்தன. இரண்டாம் தடவையில் ஜோக்கு செத்துப் போயிருந்தது. யாரும் சிரிக்கவில்லை. அக்காவும் சிரிக்கவில்லை. சொல்கிறவரின் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்து, கதை முடிந்ததும், “சரி. நல்லா இல்ல. ஆனா எனக்கு வந்துடுச்சு” என்று டீயை எடுத்துக் குடித்தார்.

அக்காவுக்குக் காது கேட்காது. ஊத்தங்கரைக்குப் பக்கத்தில் மழையை நம்பி நிலக்கடலை போடுகிற ஒரு கிராமம் அவருடையது. பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்த வயதில் ஒரு காய்ச்சல் வந்தது. இறங்கும்போது காதையும் எடுத்துக்கொண்டு போய்விட்டது. அதற்குள் பேசக் கற்றிருந்ததால் பேச்சு மட்டும் தங்கியது. எதிரே இருப்பவரின் உதட்டைப் பார்த்துப் புரிந்துகொள்வார். ஓசூரில் வண்டிகளுக்கு உதிரி பாகம் செய்கிற ஒரு தொழிற்சாலையில் அவர் குவாலிட்டி செக்‌ஷனில் இருந்தார், நான் ஸ்டோர்ஸில் இருந்தேன். பேர் எதற்கு? அங்கே அக்கா என்றால் ஒரே ஆள்தான்.

முதலில் அவர் பிரஸ் ஷாப்பில்தான் இன்ஸ்பெக்‌ஷன் பார்த்தார். தகடு அடிக்கிற சத்தத்தில் அங்கே யார் பேசுவதும் யாருக்கும் கேட்காது. எல்லாரும் உதட்டையும் கையையும் பார்த்துத்தான் வேலை செய்வார்கள். “இதுக்குள்ள வந்துட்டா எல்லாரும் என் ஊர்க்காரங்க. கேட்டைத் தாண்டினாதான் நான் வெளியூரு” என்பார்.

பதவி உயர்ந்து காலைக் கூட்டத்துக்கு வர ஆரம்பித்தபோதுதான் சிக்கல் வந்தது. எங்கள் பக்கத்தில் ஒரு வாக்கியம் தமிழில் கிளம்பும், நடுவில் கன்னடத்துக்குத் திரும்பும், தெலுங்கில் போய் நிற்கும். காது உள்ளவனுக்கு அதில் ஒரு சங்கடமும் இல்லை. உதட்டைப் படிக்கிறவருக்கோ எந்தப் பாஷை வரப்போகிறது என்று முன்னாலேயே தெரிந்தாக வேண்டும். அதனால் அக்கா ஒரு வழக்கம் கொண்டுவந்தார். பேசப் போகிறவர் கையைத் தூக்க வேண்டும். அவர் திரும்பிப் பார்த்ததும் விரல் காட்ட வேண்டும். ஒரு விரல் தமிழ், இரண்டு கன்னடம், மூன்று தெலுங்கு, விரித்த கை இங்கிலீஷ். பாஷை மாறினால் விரலும் மாற வேண்டும்.

“என்னாக்கா, எங்களையெல்லாம் அம்பயர் ஆக்கிட்டீங்க” என்று முதலில் கிண்டல் பண்ணினார்கள். அப்புறம் பழகிவிட்டது. அக்கா லீவில் இருந்த நாட்களிலும் ஆட்கள் விரலைக் காட்டிவிட்டுத்தான் வாயைத் திறந்தார்கள். ஒருவர் பேச்சில் இன்னொருவர் விழுந்து பிடுங்குவதும் அதோடு நின்றது. ஜவளகிரிப் பக்கத்திலிருந்து வந்துகொண்டிருந்த ஃபோர்மேன் ஒருவர், வீட்டிலும் கை தானாக மேலே போகிறது என்றும், “யாரைப் பார்த்துக் கையை ஓங்கற?” என்று பெண்டாட்டியிடம் வாங்கிக் கட்டிக்கொள்வதாகவும் சொல்வார்.

இதையெல்லாம் கேட்டு அக்கா ரொம்ப இனிமையான மனுஷி என்று நினைத்துவிட வேண்டாம். அவரோடு இருப்பது களைப்பான வேலை. தன் குரல் எவ்வளவு பெரியது என்று அவருக்குத் தெரியாது. ஒருநாள் கேன்டீன் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் மேனேஜர் போனில் பேசிக்கொண்டிருந்தார். அக்கா அதைப் பார்த்துவிட்டு, என்னிடம் ரகசியம் சொல்வதாக நினைத்துக்கொண்டு, “சார் வீட்டம்மா கோச்சிக்கிட்டு மைசூருக்குப் போயிட்டாங்களாம்பா” என்றார். பாத்திரம் கழுவுகிற இடம் வரைக்கும் அது கேட்டது. இன்னொரு நாள் புதிதாகச் சேர்ந்த இரண்டு பெண்கள் பேசிக்கொண்டிருந்தார்கள். இவர் போய் நின்றதும் பேச்சை நிறுத்தினார்கள். தன்னைப் பற்றித்தான் பேசினார்கள் என்று பிடித்துக்கொண்டார். சொல்லு, சொல்லு என்று விடாமல் நின்றதில் அதில் ஒரு பெண் அழுதேவிட்டாள். அவர்கள் பேசிக்கொண்டிருந்தது அவளுடைய மாதவிலக்கு வலியைப் பற்றி. அக்கா, “அதையே மொதல்ல சொல்லிருந்தா நான் போயிருப்பேன் இல்ல?” என்றார். மன்னிப்புக் கேட்கவில்லை. அந்தப் பெண் அதற்கப்புறம் அவர் இருக்கிற மேஜைக்கு வந்ததே இல்லை.

ஏன் இப்படிப் பிடிவாதம் என்று நானே ஒருநாள் கேட்டேன். கம்பெனி வாசலுக்கு எதிரே இருந்த டீக்கடையில் நின்றுகொண்டிருந்தோம்.

“எங்கம்மாவுக்கு வயித்துல கட்டி. கிருஷ்ணகிரியில டாக்டரு என் தம்பியைப் பார்த்துச் சொல்றாரு. எனக்கு அவரோட முதுகுதான் தெரியுது. என்னாடா சொல்றாருன்னு கேட்டேன். ‘ஒண்ணுமில்லக்கா, அப்புறம் சொல்றேன்’ன்னான். ஒண்ணுமில்லன்னுதானே சொல்றான்னு நானும் பஸ் ஏறி வேலைக்கு வந்துட்டேன்.” டம்ளரைக் கீழே வைத்தார். “எங்கம்மாகிட்ட ஒரு விஷயம் கேக்க வேண்டியது இருந்துச்சு. கேக்காமயே போச்சு.”

என்ன விஷயம் என்று நான் கேட்கவில்லை. அவரிடம் முழுசாகக் கேட்காமல் விட்டது அது ஒன்றுதான்.

அப்புறம் கம்பெனி கைமாறியது. தலைமை அலுவலகம் வடக்கே எங்கோ ஒரு நகரத்துக்குப் போனது. காலைக் கூட்டத்தில் இனி அவர்களும் கலந்துகொள்வார்கள் என்றார்கள். ஒருநாள் போய்ப் பார்த்தால் மேஜை நடுவில், காலை விரித்துப் படுத்த நண்டு மாதிரி ஒரு கருப்புப் பெட்டி இருந்தது. அதற்குள்ளிருந்து நாலைந்து ஆண்கள் இங்கிலீஷில் பேசினார்கள். அக்கா பெட்டியைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார்.

“இதுக்கு வாய் எங்கே இருக்கு?”

எல்லாரும் சிரித்தார்கள். அவர் ஜோக்குக்காகக் கேட்கவில்லை.

அன்றைக்குக் கூட்டம் முடிகிறவரை பெட்டியின் பச்சை விளக்கையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். முடிந்ததும் மேனேஜரிடம் போனார். மேனேஜர் பெங்களூர்க்காரர், நல்ல மனிதர். வழக்கப்படி இரண்டு விரலைக் காட்டிவிட்டு, “ஏனு இல்ல மேடம். ஆமேலே ஹேள்தீனி” என்றார். கன்னடத்திலும் அது அதே வார்த்தைதான்: ஒண்ணுமில்லை, அப்புறம் சொல்கிறேன்.

மறுநாள் அக்கா எல்லாருக்கும் முன்னால் வந்து, எனக்கு நேர் எதிர் இடத்தைப் பிடித்துக்கொண்டார்.

“நீ வாயை நல்லாத் தொறந்து பேசறவன். மீசையும் இல்ல. பெட்டி பேசறதை நீ சத்தமில்லாம எனக்குப் பேசு. ஹிந்தியும் உனக்கு வரும்.”

ஹிந்தி எனக்கு வந்தது பள்ளிக்கூடத்தால் அல்ல. சூளகிரியில் ஹைவே ஓரத்தில் என் அப்பாவுக்குப் பஞ்சர் கடை. லாரிக்காரர்களோடு பேசிப் பேசி வந்தது. இங்கிலீஷும் அப்படித்தான், அட்டைப்பெட்டிகளின் மேல் அச்சடித்திருப்பதைப் படித்துப் படித்து. அதை வைத்துக்கொண்டு, பெட்டி ஒன்று சொல்ல, நான் அதைத் தமிழாக்கி, குரல் இல்லாமல் உதட்டை மட்டும் அசைப்பேன். “என்னப்பா, ஊமைப் படம் ஓட்டறியா?” என்று பக்கத்தில் இருப்பவர் இடிப்பார். கூட்டம் முடிந்தால் தாடை வலிக்கும். மீசை வைக்கக் கூடாது என்பது அக்காவின் உத்தரவு. பெண் பார்க்கப் போகும்போதாவது கொஞ்சம் விடுடா என்று என் அம்மா கெஞ்சினாள். அக்காவிடம் போய்ச் சொன்னேன். “பொண்ணு உன் மூஞ்சியைக் கட்டிக்கப் போவுதா, முடியைக் கட்டிக்கப் போவுதா?” என்று முடித்துவிட்டார்.

ஒரு தடவை சரக்கு தாமதமானதற்காக அந்தப் பக்கத்திலிருந்து ஒருவர் அம்மா, அக்காளை எல்லாம் இழுத்துத் திட்டினார். அதை நான் எப்படிச் சொல்வது? “டெலிவரி லேட்டுன்னு வருத்தப்படறாங்க” என்று உதட்டை அசைத்தேன். அக்கா மேஜையைச் சுற்றி ஒரு பார்வை பார்த்தார்.

“எல்லாருக்கும் மூஞ்சி செவந்து போச்சு. நீ வருத்தப்படறாங்கன்றே. யாருக்கு வடிகட்டறே? கெட்ட வார்த்தையையும் கொண்டா. அதுவும் கூட்டத்துல பேசினதுதானே?”

கொண்டுபோனேன். அவர் காதுவரை சிவந்து, “வந்துடுச்சு” என்றார்.

குரல்களுக்குப் பேர் இல்லாததுதான் அவருக்கு ரொம்ப எரிச்சல். “யாரோ சொல்றாங்கக்கா” என்பேன். “யாரோன்னு இந்தக் கம்பெனியில ஆளே கெடையாது. பேரைக் கேளு” என்பார். மேனேஜர் தயங்கித் தயங்கி அந்தப் பக்கம் கேட்டுக்கொண்டார்: தயவுசெய்து பேரைச் சொல்லிவிட்டுப் பேசுங்கள். கொஞ்ச நாள் சொன்னார்கள். அவசரம் வரும்போது விட்டார்கள். அங்கே எப்போதும் அவசரம்தான்.

பிறகு கம்ப்யூட்டர் வழியாகக் கூட்டம் வந்தது. சுவரில் திரை, மேலே ஒரு சின்னக் கேமரா. இனிமேல் முகங்கள் தெரியும் என்று சொன்ன நாளில் அக்காவைப் பார்த்திருக்க வேண்டும். கண்ணாடியைத் துடைப்பதும் போட்டுக்கொள்வதும் மறுபடி கழற்றித் துடைப்பதுமாக இருந்தார். என்னிடம், “உன் தாடைக்கு இனிமே ரெஸ்டு” என்றார்.

திரை வெளிச்சமாயிற்று. அந்தப் பக்கத்து ஆட்கள் பெரிய ஜன்னலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தார்கள். வெளிச்சமெல்லாம் பின்னால், முன்னால் கருப்பு உருவங்கள். ஒருவருக்கும் முகம் இல்லை. நடுநடுவே படம் உறைந்துபோகும். வாயைத் திறந்தபடி ஒருவர் அப்படியே நிற்பார். “இந்தாளுக்குப் பல்லு வலியா?” என்றார் அக்கா. ஆனால் அவர் முகத்தில் சிரிப்பில்லை.

மேனேஜரை உட்காரவைத்து ஒரு மெயில் அனுப்ப வைத்தார். வெளிச்சம் முகத்தில் விழுகிற மாதிரி உட்காருங்கள். ஒருவர் பேசும்போது மற்றவர் பொறுங்கள். பேசுவதற்கு முன் கையைத் தூக்குங்கள். முக்கியமானதைத் திரைக்குக் கீழே டைப் அடித்துவிடுங்கள். இவ்வளவுதான். அவர் எங்களிடம் வாயால் கேட்டு வாங்கியதையே எழுத்தில் கேட்டார்.

நம்ப மாட்டீர்கள், செய்தார்கள். ஒரு வாரம் செய்தார்கள். நாற்காலிகளைத் திருப்பிப் போட்டார்கள். கையைத் தூக்கினார்கள். அங்கே இருந்த ஒரு பெண் ஒவ்வொரு விஷயத்தையும் அழகாக டைப் அடித்துப் போட்டாள். காலையில் முதல் வரியாக அக்காவுக்கு வணக்கம் சொல்வாள். அந்த வாரம் அக்கா கூட்டத்தில் இரண்டு தடவை குறுக்கே கேள்வி கேட்டார். தலைமை அலுவலகத்து ஆள் ஒருவரை, நீங்கள் சொல்கிற அளவு தப்பு என்று மடக்கினார். டீ நேரத்தில் யாரையும் எதையும் திரும்பச் சொல்லச் சொல்லவில்லை. அவர் அப்படி இருந்து நான் பார்த்தது அந்த ஒரு வாரம்தான்.

அடுத்த வாரம் இன்டர்நெட் லைன் ரொம்ப மெதுவாக இருக்கிறது, படம்தான் இழுக்கிறது என்று கேமராவை நிறுத்தினார்கள். டைப் அடித்த பெண்ணுக்கு வேறு வேலை கொடுத்துவிட்டார்கள் என்று கேள்வி. திரையில் கம்பெனியின் சின்னம் மட்டும் நின்றது. பேச்சுக்குப் பழைய பெட்டியே தெளிவாக இருக்கிறது என்று அதையே திரும்ப மேஜை நடுவில் வைத்தார்கள். அக்கா மறுபடி எனக்கு எதிரே வந்து உட்கார்ந்தார். நான் வாயை அசைக்க ஆரம்பித்தேன்.

அந்த வருஷக் கடைசியில் வண்டி விற்பனை படுத்துவிட்டது. பல கம்பெனிகளில் ஷிப்டைக் குறைத்தார்கள். சாயந்திரம் பஸ்ஸில் தெற்கத்தி ஆட்கள் ஊருக்குத் திரும்பிப் போவதைப் பற்றியே பேசினார்கள். எங்கள் கம்பெனியிலும் ஆட்களைக் குறைக்கப் போகிறார்கள் என்று தெரிந்தது. யாரை என்பதுதான் தெரியவில்லை. அக்காவுக்கு அந்த வேலை போனால் இன்னொரு இடத்தில் போய், முதல் நாளிலிருந்து, ஒவ்வொரு முகத்தையாகத் திருப்பிப் பழக்க வேண்டும். அதற்குத் தனக்கு வயசில்லை என்றார். “இந்தக் கம்பெனியில இத்தனை வாயைப் படிச்சு வெச்சிருக்கேன். இதை எடுத்துக்கிட்டு எங்கே போறது?”

வேலை போனது. முதல் பட்டியலிலேயே அவர் இருந்தார். ரொம்ப நாள் கழித்துக் கிருஷ்ணகிரி பஸ் ஸ்டாண்டில் ஒரு தடவை பார்த்தேன். ஊத்தங்கரை பஸ்ஸுக்கு நின்றுகொண்டிருந்தார். நான் ஒரு விரலைக் காட்டினேன். அவருக்குச் சிரிப்பு வரவில்லை. தம்பி வீட்டில் இருப்பதாகச் சொன்னார். எப்படி இருக்கீங்க என்று கேட்டேன்.

“டி.வி. இருக்குதுப்பா. அதுல வர்றவங்க மூஞ்சியெல்லாம் பளிச்சுனு தெரியுது. வீட்டுல இருக்கறவங்க மூஞ்சியெல்லாம் டி.வி. பக்கம் திரும்பியிருக்குது.”

பஸ் வந்தது, ஏறிப் போய்விட்டார். ஜன்னல் சீட்டு கிடைத்தும் திரும்பிப் பார்க்கவில்லை. நான் கத்திக் கூப்பிட்டு என்ன பிரயோஜனம்?

ஆனால் அக்கா என்றால் என் கண்முன் வருவது அந்த பஸ் ஸ்டாண்ட் இல்லை. பட்டியலைப் பற்றிப் பேசிய காலைக் கூட்டம்தான்.

எல்லாரும் அவரவர் இடத்தில் இருந்தோம். எதிரே அக்கா. பெட்டியில் யாரோ இங்கிலீஷில் கணக்கு சொல்லிக்கொண்டே வந்தார்கள். எந்த செக்‌ஷனில் ஆள் அதிகம், எங்கே குறைக்கலாம் என்று. நான் சொல்லிக்கொண்டே வந்தேன். நடுவில் இன்னொரு குரல் ஹிந்திக்குத் தாவியது. தங்களுக்குள் பேசிக்கொள்கிற மாதிரி அலட்சியமாக: “அங்கே குவாலிட்டியில ஒரு செவிட்டுப் பொம்பளை இருக்குதே, அதுக்காக ஏன் எல்லாரும் கை தூக்கி, பேரு சொல்லி நாடகம் ஆடணும்? அந்த ஒரு ஆளால கூட்டமே நொண்டுது. அங்கேருந்து ஆரம்பிங்க.”

அக்கா அறையில் இருக்கிறார் என்று தெரிந்து பேசினார்களா, தெரியாமல் பேசினார்களா, இன்றுவரை எனக்குத் தெரியாது. ஹிந்தி தெரிந்தவர்கள் எல்லாரும் தலையைக் குனிந்துகொண்டார்கள். மேனேஜர் மேஜைக்குக் கீழே கையை இப்படியும் அப்படியும் ஆட்டினார்: வேண்டாம், சொல்லாதே.

என் வாய் நின்றிருந்தது.

“ஏன் நிறுத்திட்டே?” என்றார் அக்கா. “பச்சை லைட்டு எரியுது. பேசிக்கிட்டுதான் இருக்காங்க.”

நானும் தலையைக் குனிந்தேன்.

“எல்லாரும் மேஜையைப் பாக்கறாங்க. அப்ப அது எனக்கானதுதான். சொல்லு தம்பி.”

சொன்னேன். செவிட்டுப் பொம்பளை என்பதைச் சொன்னேன். நாடகம் என்பதைச் சொன்னேன். நொண்டுது என்பதைச் சொன்னேன். அங்கேருந்து ஆரம்பிங்க என்று முடித்தேன். ஒரு வார்த்தையும் குறைக்கவில்லை. அவர் கண் என் உதட்டை விட்டு நகரவே இல்லை.

“யார் சொன்னது?”

எனக்குத் தெரியவில்லை. மேனேஜரைப் பார்த்தார். அவருக்கும் தெரியவில்லை. அந்த அறையில் இருந்த ஒருவருக்கும் அது யாருடைய குரல் என்று தெரியவில்லை.

அக்கா பெட்டியின் பக்கம் குனிந்தார். தனக்குத் தெரிந்த இங்கிலீஷில், பெரிய குரலில், நிறுத்தி நிறுத்திக் கேட்டார். இப்போது பேசியது யார்? தயவுசெய்து பேரைச் சொல்லுங்கள்.

அந்தப் பக்கம் யாரோ நாற்காலியை நகர்த்தினார்கள். பிறகு ஒரு குரல், ரொம்ப மரியாதையாக, “நத்திங் மேடம். வீ வில் டெல் யூ லேட்டர்” என்றது.

அக்கா நிமிர்ந்து என்னைப் பார்த்தார். என் வாயால் அந்த வார்த்தையை அவரிடம் நான் அதுவரை சொன்னதே இல்லை. ஒண்ணுமில்லையாம், அப்புறம் சொல்றாங்களாம் என்று உதட்டை அசைத்தேன்.

பெட்டி அடுத்த விஷயத்துக்குப் போய்விட்டது. தகடு அடிக்கிற டை ஏதோ ரிப்பேர், எப்போது முடியும் என்று கேட்டார்கள். டூல் ரூம்காரர் பதில் சொல்ல ஆரம்பித்தார். நானும் பழக்கத்தில் அதை அவருக்குச் சொல்ல ஆரம்பித்தேன்.

அக்கா எழுந்தார். தன் நாற்காலியை இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு, மேஜையைச் சுற்றி என் பக்கம் வந்தார். என் வாய் தெரியாத இடமாகப் பார்த்து, என் தோளை ஒட்டி அதைப் போட்டு, எல்லாரையும் போலப் பெட்டியைப் பார்த்து உட்கார்ந்தார்.